வானத்தின் மேல் பழி போடுமுன்

வெள்ளம் வந்தாலும் ஹார்ப், நிலநடுக்கம் வந்தாலும் ஹார்ப். ஈப்போவின் புந்தோங்கில் ரேடியோ பழுதுபார்த்தே வயதான என்னிடம் பிள்ளைகள் கைப்பேசியை நீட்டி, "அங்கிள், அலாஸ்காவுல இருந்து அலை அனுப்பி மழையைத் திருப்புறாங்களாம்" என்கிறார்கள். கோபம்தான் வருகிறது.

ஹார்ப் என்ற, அலாஸ்காவின் ககோனாவில் உள்ள அந்த ஆய்வு நிலையம் 36 இலட்சம் வாட் சக்தியை 180 ஏரியல்கள் வழியே மேலே அனுப்புகிறது. அது சூடாக்குவது எலக்ட்ரான்களை. அவை இருக்கும் அடுக்கு 60 கிலோமீட்டருக்கு மேலேதான் தொடங்கும். மழை மேகம் அதற்கு வெகு கீழே. துருவ ஒளி தோன்றும் வானில், 100 கிலோமீட்டர் உயரத்தில், இயற்கையாகவே ஒரு மின்னோட்டம் உண்டு. அலையை விட்டு விட்டு அனுப்பினால் எலக்ட்ரான்கள் சூடாகி ஆறும், ஓட்டமும் ஏறி இறங்கும், அந்த ஓட்டமே தாழ்ந்த அதிர்வெண்ணில் ஏரியலாகிவிடும். அவ்வளவுதான்.

இந்தச் சூடாக்கல் ஹார்ப்புக்கு முன்பே தெரிந்ததுதான். 1933இல் ஹாலந்தில் டெல்லகன் என்பவர் சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்டபோது, பின்னால் லக்சம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சி ஒலித்தது. பலத்த அலை எலக்ட்ரான்களைச் சூடாக்க, அவ்வழியே போன மற்ற அலை அதே தாளத்தில் தேய்ந்து வளர்ந்தது என்று பெய்லி, மார்ட்டின் என்ற இருவர் மறு ஆண்டே விளக்கினார்கள்.

ஆனால் ரேடியோ செட்டுக்குள்ளும் இதே கலப்பு வரும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த பெரியவர் இதில் விடாப்பிடி. "முதல்ல டயலை நகர்த்து. ஸ்டேஷன் இல்லாத இடத்துலயும் அந்தக் குரல் கேட்டா நேரா புகுந்தது. கேட்கலையா, சிக்னலைக் குறைக்கிற அட்டெனுவேட்டரைப் போடு" என்பார். ஸ்டேஷனும் குரலும் ஒரே அளவில் குறைந்தால்தான் வானத்தைச் சந்தேகிக்கலாம். ஸ்டேஷன் மெலிந்தும் கேட்க, குரல் மட்டும் மறைந்தால், செட்டின் முன்பகுதி ஓவர்லோட். வானத்தில் கலந்ததில் கட்டை ஒலிதான் தூக்கலாக இருக்கும். ஆறுவதற்கு நேரம் பிடிக்கும் எலக்ட்ரானால் வேகமான அதிர்வைத் தொடர முடியாது. என் மேசைக்கு வந்த கலப்புக் குரல் எல்லாமே செட்டுக்குள் பிறந்தவை.

இப்போதோ எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் ரிசீவரை நெட்டில் திறந்து, திரையில் ஒரு கோடு கூடுதலாகத் தெரிந்தால் வானம் செய்தது என்று படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதன் ஏரியலைக் கண்ணால் கண்டதில்லை. அட்டெனுவேட்டரைப் போட்டுப் பார்க்கவும் தோன்றுவதில்லை.

துருவ வானில் இருப்பதுபோல் இயற்கையான ஒரு மின்னோட்டம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது பாயும் பூமியின் காந்த நடுக்கோடு தென் தாய்லாந்தின் மேல் போகிறது. 1963இல் ராக்கெட் விட இந்தியாவின் தும்பாவைத் தேர்ந்ததும் அந்தக் கோடு அருகில் இருந்ததால்தான். பகல் முழுக்க அங்கே பாயும் மின்னோட்டத்தைப் பற்றி இதுவரை ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்டதில்லை.