குடியும் கடையும்

ஊரின் செழுமையைக் கடைத்தெருவில் அளப்பார் உளர். நானோ பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அளப்பவன். சிம்பாங் ரெங்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் குடிகள் குறையக் குறைய, அப்பதிவேட்டிலும் பெயர்கள் குறைவதைக் கண்டு வந்திருக்கிறேன்.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் பழைய மாணவர் ஒருவர் அலுவலகம் வந்தார். “ஐயா, ஜொகூர் பாருவுக்குக் குடிபோகிறோம். பையனின் மாற்றல் பாரத்தில் தாங்கள் ஒப்பமிட வேண்டும்” என்றார். “நகரின் நடுவிலா?” என்று வினவினேன். “அங்கே வாடகை கட்டுபடியாகாது ஐயா, ஸ்கூடாய்ப் பக்கம்” என்றார்.

அச்சமயம் நாளேடுகளில் வேறொரு செய்தி நிறைந்திருந்தது. 2025 ஜனவரி 7-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்–சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. தகுதிபெறும் நிறுவனங்களுக்கு, வழக்கமான 24 விழுக்காட்டிற்குப் பதிலாக 5 விழுக்காட்டு வரி, 15 ஆண்டுகள் வரை. அறிவுசார் பணியாளர்க்கு 15 விழுக்காடு, 10 ஆண்டுகள். ஜொகூர் பாரு நகர மையமும் அம்மண்டலத்தில் அடங்கும். நிறுவனத்துக்குச் சலுகை, வல்லுநர்க்குச் சலுகை. என் மாணவரைப் போன்ற தொழிலாளிக்கு அதில் இடமில்லை.

பயிற்சிக் கல்லூரி நாள்களில் ஜாலான் துருஸ் பக்கம் நான் நடந்ததுண்டு. கீழே கடை, மேலே குடும்பம். இராஜமாரியம்மன் கோவில் மணியோசையும் மேல்மாடிச் சமையல் மணமும் ஒருங்கே வரும். கடையடைத்த பின்னும் சன்னல்களில் விளக்கெரியும். பின்னாளில் சென்றபோது கீழே வணிகம் இருந்தது. மேலே இருள் இருந்தது.

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நமக்கொரு பாடம். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காப்பு 2000-ஆம் ஆண்டுப் பிறப்போடு நீங்கியது. வாடகை உயர, பழைய குடிகள் பலர் வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சிறப்புக் கிட்டியது. கட்டடங்கள் பல புத்துயிர் பெற்றுத் தங்கும் விடுதிகளாயின. சென்ற குடிகளோ திரும்பவில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா வேறு வழி கண்டது. பழைய கட்டடங்களைக் குடியிருப்பாக மாற்றுவோர்க்கு, உயர்ந்த மதிப்பின்மீது 10 ஆண்டுச் சொத்துவரி விலக்கை 1997-இல் அளித்தது. 2000-இல் புதுக் கட்டடங்களுக்கும் விரித்தது. நடுநகரில் மக்கள் பெருகினர். ஆயினும் அந்நகரின் சொத்துவரியில் பாதிக்குமேல் பள்ளிகளுக்குரியது. விட்டுக்கொடுத்த வரியில் பிள்ளைகளின் பங்கும் அடங்கியிருந்தது. அதனால் எழுந்த எதிர்ப்பு நெடுங்காலம் ஓயவில்லை.

ஆதலின், வரிச்சலுகை தீதென்று கூறேன். அது யாரை அழைக்கிறது என்றே கேட்கிறேன். மேல்மாடியைக் குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விடும் உரிமையாளர்க்கு நகராண்மையின் மதிப்பீட்டு வரியில் தள்ளுபடி தரலாம். அவ்வாறு குறையும் வருவாய் பள்ளிக்கும் நூலகத்திற்கும் உரிய தொகையைத் தொடாதிருக்க வழி செய்யலாம். கடை, இலாபம் உள்ளவரை இருக்கும். குடியோ, பிள்ளை படிக்குமிடத்தில் வேர்விடும்.

மாற்றல் பாரத்தில் ஒப்பமிட்டேன். பையன் கைகூப்பி விடைபெற்றான். அன்று மாலை பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடிட்டபோது, அவன் சேரும் இடத்தில் நடந்து செல்லும் தொலைவில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்க வேண்டுமே என்பதொன்றே என் வேண்டுதலாயிருந்தது.