விளிம்பு

போன மாதம் நுகேகொடையில் என் வீட்டுக்கு ஒரு பெடியன் வந்தான். கையில் துவக்கு இல்லை, போன்தான். "அங்கிள், எங்கட .223 றைபிளுக்கு .22 அடப்டர் ஒண்டு எடுக்கப் போறன். சும்மா உள்ளுக்க வைக்கிறதுதானே? ரவையும் மலிவு."

என் நாற்பது வருடத் துவக்குத் திருத்தும் வேலையை ஒரு 'சும்மா'வில் முடித்துவிட்டான். லைசன் எங்கே என்று கேட்டேன். அதில் எழுதாத குழல் அளவுக்கு நான் ஒரு திருகாணியும் தொட மாட்டேன். "அது பிறகு பாப்பம் அங்கிள்" என்றான்.

ரவை மலிவு என்பது சரி. சன்னம் போகும் வழியை யார் பார்ப்பது? .22 லோங் றைபிளின் கோது 15.6 மில்லிமீற்றர், .223இன் கோது 44.7. அடப்டரை வைத்தால் ஈயச் சன்னம் வரிப்பள்ளத்தைப் பிடிக்கும் முன், கோதுக்கு வெளியே நீளும் பகுதியைக் கழித்தாலும், ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் சும்மா பாய வேண்டும். பிறகு பிடிக்கும் முறுக்கும் அதற்குப் பொருந்தாது. .22 குழல் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று; .223இல் 12, 9, ஏன் 7 கூட உண்டு. போத்தலுக்குச் சுடப் போதும். 50 மீற்றர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீற்றர். அங்கே இந்த வித்தை எடுபடாது.

இங்கிலாந்துக்காரர் .303 லீ-என்ஃபீல்டை .22 ஆக்கியபோது குழலையே அகலத் துளைத்து, உள்ளே வரியிட்ட மெல்லிய குழாயைப் பற்றவைத்தார்கள். பாக்கர் ஹேல் கம்பனிக்காரர் அதற்குத் தங்கள் பெயரையே வைத்து 'பாக்கரைஃப்ளிங்' என்றார்கள். போல்ட்டின் தலையும் வேறு. ரவையை ஒவ்வொன்றாகக் கையால் வைக்க வேண்டும், வெற்றுக் கோது மகசின் பெட்டிக்குள் விழும். பயிற்சித் துவக்குதான், ஆனாலும் அதற்கு அவ்வளவு சிரமப்பட்டார்கள். இன்று என்னைக் கேட்டால் தனிக் குழல், தனி போல்ட்; இல்லையென்றால் ஒரு .22 துவக்கையே வாங்கும். இரண்டும் பெடியனுக்குப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் படிப்பித்தவர் கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு பறங்கிக் கிழவர். நாங்கள் மாஸ்டர் என்போம். முதல் இரண்டு மாதம் என்னைத் துவக்குக்குக் கிட்டவே விடவில்லை. ஒரு பெட்டி ரவை, ஒரு அளவுகோல். ஒவ்வொன்றின் விளிம்புத் தடிப்பையும் அளந்து கூறு பிரிக்க வேண்டும். .22 ஒரு றிம்பயர் ரவை: தீ மூட்டும் மருந்து இருப்பதும் அந்த விளிம்புக்குள்தான், குழலின் சேம்பரில் ரவை தங்கி நிற்பதும் அந்த விளிம்பில்தான். அந்த விளிம்புக்கு விடும் இடைவெளி, ஹெட்ஸ்பேஸ், ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 43 பங்கு. விளிம்பு மெலிந்தால் ரவை ஆடும், ஊசியின் அடி பிசகும், ஒன்று வெடிக்கும் மற்றது வெடிக்காது. நான் அலுத்துப்போய் ஒரு நாள் கண்ணளவில் பிரித்தேன். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் திரும்ப ஒரே தட்டில் கொட்டிக் கலந்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனார்.

இன்னொன்றும் சொல்வார்: ரவையில்லாமல் விசையை இழுக்காதே. ஊசி போய்ச் சேம்பரின் விளிம்பைக் குத்தும். அந்த வடு ரவையை ஒழுங்காக இருக்க விடாது. இப்போது பெடியள் துவக்கைத் தூக்கியதும் முதலில் செய்வது 'கிளிக்'. எத்தனை நல்ல குழலை இப்படிக் குத்திக் கொண்டுவந்து, "அங்கிள், சரியாச் சுடுதில்ல" என்றிருக்கிறார்கள்! பழி ரவை செய்தவனுக்கு, அல்லது எனக்கு.

பெடியன் எழும்பும்போது நானே இறங்கிப்போய்க் கேட்டேன், இதுவரை எந்த ரவையால் சுட்டாய், அதன் லொட் நம்பர் என்ன என்று. ஒரே லொட்டில் நான்கைந்து பெட்டி கிடைத்தால், வந்து அளந்து பார்ப்போமே.

பெட்டியை அன்றைக்கே எறிந்துவிட்டானாம்.