மனைவி இறங்கும் பக்கம்

2023 செப்டம்பர் 30, சனி

போன குளிர்காலத்தில் டுலூத் நகரில் கொட்டிய பனி 140.1 அங்குலம், ஏறத்தாழ மூன்றரை மீட்டர். மினசோட்டா மாநிலத்தின் அந்த ஏரிக்கரை ஊரில் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு பருவத்தில் அவ்வளவு விழுந்ததில்லை. அத்தனை நாளும் அங்கே ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரின் கார் வெளியே பனியில் புதைந்து கிடந்தது. கேரேஜுக்குள், பழைய கம்பளத்தின் மேல் சொகுசாகப் படுத்திருந்தது அவருடைய கயாக் படகு. மனைவி இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. காலையில் பனி வாரும் மண்வெட்டியை எடுத்து வாசலில் சாய்த்து வைப்பார், அவ்வளவுதான்.

 கேரேஜ் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட குறிப்பேட்டில் இன்றைய தேதியிட்டு அவர் எழுதினார்: ‘படகு மேலே. கார் உள்ளே.’

அக்டோபர் 1, ஞாயிறு

நாள் முழுக்க அளவெடுப்பு. படகின் நீளம் 17 அடி, அகலம் 22 அங்குலம், எடை 28 கிலோ. சுப்பீரியர் பெயருக்குத்தான் ஏரி. அலை எழுந்தால் கடல். அதில் போய் அப்பாசல் தீவுகளின் மணற்பாறைக் குகைகளுக்குள் நுழைந்து பார்க்க ஆசைப்படுகிறவருக்குக் குட்டைப் படகு உதவாது.

கேரேஜின் நீளம் 22 அடி. கதவோ பலகை பலகையாக மடங்கி மேலேறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும் வகை. திறந்தால் ஏழு அடியை அடைத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள பதினைந்தடியில் பதினேழடிப் படகை எங்கே தொங்கவிடுவது? கதவு ஓடும் தண்டவாளத்துக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே 70 செ.மீ. இடைவெளி இருந்தது. அங்கேதான் முடியும். அதாவது காருக்கு நேர்மேலே அல்ல; காரின் வலப்பக்கக் கதவு திறக்கும் இடத்துக்கு மேலே. அன்று இதை அவர் பெரிதாக எண்ணவில்லை.

அக்டோபர் 7, சனி

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்குத் தெரியும்: ராட்டினம் கயிற்றின் திசையைத்தான் மாற்றும், குடத்தின் எடையில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. எடை குறைய வேண்டுமானால் கப்பியும் பாரத்தோடு சேர்ந்து ஏற வேண்டும். கயிற்றின் ஒரு நுனியைக் கூரையில் கட்டி, படகைத் தாங்கும் பட்டையில் மாட்டிய கப்பிக்குள் விட்டு, திரும்பவும் மேலே கொண்டுபோனால் பாரம் இரண்டு இழைகளுக்குப் பங்காகிவிடும். குறிப்பேட்டுக் கணக்கு இப்படி: 28 கிலோவுக்கு இரண்டு பட்டைகள், ஒன்றுக்கு 14, ஒவ்வொரு கயிற்றிலும் 7, இரண்டு கயிறுகளையும் சேர்த்து இழுக்கும் கைக்கு 14. உராய்வு தன் பங்குக்கு மூன்று நான்கு கிலோவைக் கூட்டும்.

இனாமாக வந்த சலுகை அல்ல இது. படகு இரண்டு மீட்டர் ஏற நாலு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஆளும் சரக்குமாக நிறைந்த கப்பலை ஆர்க்கிமிடீஸ் கப்பிகளைக் கோத்துத் தனியாளாக இழுத்தார் என்று எழுதிய புளூட்டார்க், எத்தனை முழம் கயிறு ஆனது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஹார்ட்வேர் கடையில் நைலான் கயிறுதான் முதலில் கைக்கு வந்தது. பாரத்தில் நீளும் கயிறு அது. இரவு ஏற்றிய படகு காலையில் சற்றுக் கீழே இறங்கி நிற்கும். அதை வைத்துவிட்டு 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு வாங்கினார்.

அக்டோபர் 14, சனி

கூரையின் மரச் சட்டங்கள் இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே ஓடுகின்றன. முக்கோணமாகக் கோத்த டிரஸ்ஸின் அடிச்சட்டங்கள் அவை. வெட்டவோ பெரிய துளை போடவோ கூடாது. அவர் மூன்று சட்டங்களுக்கு ஒன்றாக, அடிப்பக்கத்தில் பலகை வைத்துத் திருகினார். ‘இரண்டுக்கு ஆறு’ என்று விற்கும் பலகை அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு ஐந்தரை அங்குலம்தான். அமெரிக்க மரக்கடைகளில் இந்தப் பொய்யை யாரும் பொய்யென்று நினைப்பதில்லை.

பலகையில் வளையத் திருகுகளை முடுக்கி, படகுக்குப் பதிலாக நாலு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டார். வாளிக்கு 19 லிட்டர். மொத்தம் 76 கிலோ. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

அக்டோபர் 15, ஞாயிறு

இரண்டு வாளிகள் தரையில். கேரேஜ் முழுக்க ஈரம்.

கயிறும் அறவில்லை, திருகும் கழன்று வரவில்லை. வளையம்தான் வாயைப் பிளந்திருந்தது. கம்பியை வளைத்து, நுனியை ஒட்டாமல் விட்ட மலிவுச் சரக்கு அது. பாரம் ஏறினால் விரிந்து கேள்விக்குறிபோல் ஆகிவிடும். வாங்கும்போது அந்த மெல்லிய இடுக்கைப் பார்த்தும் பார்க்காமல் விட்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தண்ணீரோடு போயிற்று.

அக்டோபர் 21, சனி

எல்லாவற்றையும் பிரித்தார். இம்முறை பலகைகளைச் சட்டங்களுக்கு அடியில் திருகாமல், மேலே ஏற்றிக் குறுக்காகக் கிடத்தினார். இந்த வேலையிலேயே அழகான இடம் இதுதான். அடியில் இருந்த பலகையைப் படகு திருகோடு கீழே பிடுங்கப் பார்க்கும். மேலே கிடக்கும் பலகையையோ அதே பாரம் சட்டத்தின்மேல் இன்னும் இறுக்கமாக உட்கார வைக்கும். பலகையில் துளையிட்டு, இடுக்கே இல்லாமல் காய்ச்சி அடித்த வளைய போல்ட்டுகளை இறக்கி, மேலே வாஷரும் நட்டும் போட்டு முடுக்கினார். சுவரை ஒட்டிய இடம் என்பதால் சட்டம் தொய்கிற பயமும் குறைவு.

பிறகு படகு. இரண்டு முனைகளிலும் கைப்பிடிகள் இருக்கின்றனவே என்று அவற்றில் மாட்டித் தொங்கவிட்டால், பாலிஎதிலீன் உடல் நடுவில் தொய்ந்து நாளடைவில் வாழைப்பழமாகிவிடும். அதனால் உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும் இரண்டு இடங்களில், முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அகலப் பட்டைகளைச் சுற்றினார்.

இழுத்தார். மூக்கு மட்டும் ஏறிக் கதவின் தண்டவாளத்தில் இடித்தது, வால் தரையில். ஒரு கயிறு முன்னே ஓட, மற்றது சோம்பியது. படகைத் தரையில் மட்டமாக வைத்து, இரண்டு கயிறுகளையும் இறுக்கி, ஒரே வளையத்தில் சேர்த்து முடிந்தபின் அந்தச் சண்டை ஓய்ந்தது.

அக்டோபர் 22, ஞாயிறு

காரை முதல் தடவையாக உள்ளே விட்டார்கள். வலப்பக்கக் கதவைப் பாதி திறந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

“நான் இறங்கும் பக்கமா?”

கயிறு சுவரிலுள்ள இரும்புக் கொம்பில் எட்டுப்போல் சுற்றப்பட்டிருப்பதை அவர் காட்டினார்.

“அது அவிழ்ந்தால்?”

கயாக்கை உயரத்தில் வைப்பது புதிதல்ல என்று அவர் வரலாற்றைத் துணைக்கு அழைத்தார். கிரீன்லாந்தில் கடல்நாய்த் தோல் போர்த்திய கயாக்குகளைக் கல்மேடைகளிலும் மரத்தாங்கிகளிலும் ஏற்றி வைத்தார்கள். கீழே விட்டால் பனிவண்டி நாய்கள் தோலைத் தின்றுவிடும். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கல்மேடைகளுக்கு அடியில் யாராவது காரை விட்டு இறங்கினார்களா என்று கேட்டார்.

அக்டோபர் 28, சனி

கேள்வி நியாயமானது. இன்று மேலே தனியாக இன்னும் இரண்டு பலகைகள், அவற்றிலிருந்து நீளம் மாறாத இரண்டு பட்டைகள், தாங்கும் எடை பொறித்த கொக்கிகள். படகை ஏற்றியதும் அவற்றை அடியில் கோத்து மாட்டி, இழுகயிற்றை ஒரு விரற்கடை தளர்த்தி விடுகிறார். படகின் எடை கயிற்றை விட்டுப் பட்டைகளுக்குப் போய்விடுகிறது. மனைவி முன்னிலையில் கொம்பிலிருந்து கயிற்றை முழுக்க அவிழ்த்துக் கையை விட்டார்.

படகு அசையவில்லை. “அப்படியே இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனார்.

2024 ஜனவரி

பனிக்குப் பயந்து இத்தனையும் செய்த ஆண்டில் பனி பெரிதாக வரவில்லை. மினசோட்டாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமான குளிர்காலம் அது. டுலூத்தில் புறப்படும் ஜான் பியர்கிரீஸ் நாய்வண்டிப் பந்தயத்தையே பனி இல்லாமல் ரத்து செய்துவிட்டார்கள். தெருவில் நிற்கும் அண்டை வீட்டுக் காரின் கண்ணாடியில் தூசிதான்.

மண்வெட்டி வாசலுக்கு வரவேயில்லை. கார் மட்டும் நாள்தோறும் உள்ளே போகிறது. மனைவி கதவைத் திறந்து, ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இறங்குகிறார்.