புற்றுநோய் இல்லையே

“நல்லவேளை, புற்றுநோய் இல்லையே!” வலது காதுக்குப் பின்னால் தையலோடு வீடு வந்த நாளிலிருந்து இதைக் கேட்கிறேன், இடது காதால்.

செவி நரம்பில் வளர்ந்த கட்டி. மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவாது. அதனால் சாதுவான கட்டி என்கிறார்கள். சாது என்பது கட்டியின் குணம். அது உட்கார்ந்திருந்த இடத்தில், கேட்கும் நரம்பும் உடலைத் தடுமாறாமல் நிறுத்தும் நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன. கட்டியை எடுத்தபோது வலது காது போயிற்று. வலப்பக்க முகம் தளர்ந்தது. முகத்தளர்ச்சியை அளக்க, 1985இல் வந்த ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலில் ஆறு நிலைகள். முதலில் நான் நான்காவது, கண் மூடாது. இரவில் களிம்பிட்டு, இமையைப் பிளாஸ்டரால் ஒட்டித் தூங்கினேன். ஒன்றரை வருடம் கழித்து மூன்றாவது, முயன்றால் மூடும்.

வீட்டில் வேறு அளவுகோல். மூன்றாம் வாரம் சாம்பார் வைத்தேன். “அவ தேறிட்டா” என்று மாமியார் ஊருக்கெல்லாம் போன் செய்தார். தாளித்த மிளகாய்ப் புகை மூடாத கண்ணில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. மகள் “அம்மா” என்பது கேட்கும், எந்த அறையிலிருந்து என்று தெரியாது. ஒற்றைக் காதுக்குத் திசை பிடிபடாது. இருட்டில் சுவரைப் பிடித்தே நடக்கிறேன். கல்யாண வீட்டில், “கொஞ்சம் சிரிச்ச முகமா இரேன்” என்கிறார்கள். இருபது வருடமாகச் சிரிக்காத என் கணவரின் முகத்திடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இந்தக் கட்டி வந்தவர்களின் வாழ்க்கைத் தரத்தை அறிய 2010இல் 26 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று வந்தது. கேட்கும் திறன், தடுமாற்றம், முகம், பதற்றம், தெம்பு, வலி, பொதுவான உடல்நலம் என்று ஏழு பகுதிகள். ஒருநாள் உட்கார்ந்து நானே நிரப்பினேன். தெம்பு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் எனக்குத் தெம்பு இருந்ததா? அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முன்பெல்லாம் கூடத்தில் நடக்கும் பேச்சைச் சமையலறையில் நின்றபடியே கேட்டுக்கொள்வேன். மகளின் படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியவரும். இப்போது அங்கிருந்து கேட்காது. அதனால் ஒரு ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர்களோடு உட்கார்ந்தேன், சுவர் என் வலப்பக்கம் இருக்கும்படி.

“அடுத்த தோசை?” என்றார் கணவர்.

தெளிவாகக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.