பாலுக்கு ஏது மூக்கு?

எதிர் வீட்டுப் பெண் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். ஆங்கிலத்தில் பிழை கண்டுபிடிக்கும் பகுதிதான் உதைக்கிறது என்று சாயங்காலங்களில் புத்தகமும் கையுமாக வந்துவிடுவாள். முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா? நானும் சந்தோஷமாக உட்கார்ந்துவிடுவேன்.

போன வாரம் அட்ஜெக்டிவ், அட்வெர்ப். அதாவது பெயரடை, வினையடை. என் பழைய சூத்திரத்தை எடுத்துவிட்டேன்.

"தமிழில் சொல்லிப் பாரும்மா. ‘ஆன’ என்று வந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ என்று வந்தால் அட்வெர்ப். இனிமையான குரல் என்றால் ஸ்வீட். இனிமையாகப் பாடினாள் என்றால் ஸ்வீட்லி."

விதிவிலக்கை மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்: "அப்போ ‘ஹி லுக்டு ஆங்ரி’ தப்பா தாத்தா? கோபமாகத் தெரிந்தார்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏறக்குறைய இதே கேள்வியை நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் கேட்டிருக்கிறான்.

அப்போது ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் வேலை. பத்தாம் வகுப்புக்கு ஒரு பரீட்சை வைத்தேன். ‘தி மில்க் ஸ்மெல்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் ‘சவர்’, ‘சவர்லி’ இரண்டையும் கொடுத்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தேன். ஸ்மெல்ஸ் வினைச்சொல், அதோடு வருவது வினையடை, ஆகவே சவர்லி. இதுதான் என் கணக்கு. வகுப்பில் ஒரே ஒருவன் சவர் என்று எழுதியிருந்தான். பால்காரர் மகன். விடியற்காலையில் நாலு தெருவுக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவான்.

சிவப்பு மையால் அடித்துவிட்டேன். தாளைக் கொடுத்ததும் எழுந்து நின்றான்.

"சார், புளிச்சது பாலுதானே? மோந்து பாக்கறது நாமதான். பாலுக்கு ஏது சார் மூக்கு?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதிகப்பிரசங்கி என்று திட்டி, அந்தப் பீரியட் முழுக்க பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து ரென் அண்ட் மார்ட்டினைப் புரட்டினேன். பையன் சொன்னதுதான் சரி. லுக், ஃபீல், டேஸ்ட், ஸ்மெல், சவுண்ட் போன்ற சொற்கள் எழுவாயின் தன்மையைச் சொல்ல வந்தால், பின்னால் அட்ஜெக்டிவ்தான் வரும். செயல் எப்படி நடந்தது என்று சொல்லும்போதுதான் அட்வெர்ப். கோபமாகத் தெரிந்தார், என்னைக் கோபமாகப் பார்த்தார். தமிழில் இரண்டுக்கும் ‘ஆக’தான். ஆங்கிலத்திலோ முதலாவது ஆங்ரி, இரண்டாவது ஆங்ரிலி. நான் பெருமையாகச் சொல்லிவந்த சூத்திரம் சரியாக அந்த இடத்தில்தான் காலை வாரியிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கு ஒரு மார்க் கூட்டிப் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. வாத்தியாரே தப்பை ஒத்துக்கொண்டால் பசங்கள் மதிக்கமாட்டார்கள் என்று பயம். பேசாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அப்புறம் அந்தப் பையன் என் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மார்க்கை விட அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொன்னேன். கூடவே ஒரு சோதனையும் சொல்லிக்கொடுத்தேன். சந்தேகம் வந்தால் வினைச்சொல்லை எடுத்துவிட்டு இஸ் அல்லது வாஸ் போட்டுப் பார். ‘தி மில்க் இஸ் சவர்’. வாக்கியம் நிற்கிறதா? அப்படியானால் அட்ஜெக்டிவ். ‘ஹி லுக்டு ஆங்ரிலி அட் மி’ என்பதில் லுக்டுக்குப் பதில் வாஸ் போட்டால் நொண்டும். அங்கே அட்வெர்ப்.

"லி என்று முடிந்தால் அட்வெர்ப்னு கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதே. ஃப்ரெண்ட்லி, லவ்லி எல்லாம் அட்ஜெக்டிவ். பேட்டிக்குப் போய் ‘ஐ வொர்க் ஹார்ட்லி’ என்று மட்டும் சொல்லிவிடாதேம்மா. நான் வேலையே செய்வதில்லை என்று அர்த்தமாகிவிடும்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அந்த அங்கிள் இப்போ எங்கே இருக்கார் தாத்தா?" என்றாள்.

"தெரியலையேம்மா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து, என் சூத்திரத்தை எழுதிய இடத்துக்குக் கீழே, ‘பாலுக்கு மூக்கு இல்லை’ என்று எழுதிக்கொண்டாள்.