பம்புசெட் இல்லாத இலை

காய்ந்த நெற்பயிரின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கார்பன். வேர் அதை மண்ணிலிருந்து எடுப்பதில்லை, காற்றிலிருந்து இலை எடுக்கிறது. அந்தக் காற்றில் 10,000 மூலக்கூறுகளுக்கு நாலு சொச்சம்தான் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜனோ 2,100.

இலைத்துளைக்குள் நுழையும் கார்பன் டை ஆக்சைடு செல்சுவர், செல்சவ்வு, பசுங்கணிகத்தின் இரட்டைச் சவ்வு எல்லாவற்றையும் தாண்டி ருபிஸ்கோ என்ற நொதியிடம் சேர வேண்டும். நெல்லில் அதைத் தள்ளிவிட இயந்திரம் ஏதும் இல்லை. வெளியே அதிகம், உள்ளே குறைவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் ஓடுவது மாதிரி, அந்த வித்தியாசத்தில்தான் அது நகர்கிறது. துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் நீர் ஆவியாகிறது. ஒரு மூலக்கூறு உள்ளே வர, நூற்றுக்கணக்கில் நீர் மூலக்கூறுகள் வெளியே போகின்றன.

இத்தனை செலவில் வந்து சேர்ந்தால், ருபிஸ்கோ படு மந்தம். நொடிக்கு மூன்றிலிருந்து பத்து மூலக்கூறு வரைதான் அதனால் முடியும். நடுவில் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அதைச் சரிக்கட்டும்போது ஏற்கெனவே பிடித்த கார்பனில் கொஞ்சம் கைவிட்டுப் போகும். ஒளிச்சுவாசம் என்பது இதுதான். வெயில் ஏற ஏற இந்த நஷ்டமும் ஏறும்.

என் பிழைப்பு பழைய மென்பொருளைப் பராமரிப்பது. புதிதாகச் சேரும் பசங்க முதல் வாரமே கேட்பார்கள்: "அண்ணா, இத தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிடலாமா?" ருபிஸ்கோவைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் அது உருவான காலத்தில் காற்றில் ஆக்சிஜன் அனேகமாக இல்லை. ஆளைத் தவறாகப் பிடிக்கும் பேச்சுக்கே அன்று இடமில்லை.

பின்னால் ஆக்சிஜன் பெருகியபோது பல உயிர்கள் ருபிஸ்கோவை வைத்துக்கொண்டே அதைச் சுற்றியுள்ள இடத்தை மாற்றின. கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசி, நீரில் கரைந்த பைகார்பனேட்டைப் புரதங்கள் வழியாகப் பசுங்கணிகத்துக்குள் இழுக்கிறது. பைரினாய்டு என்ற சிறு உருண்டையில் ருபிஸ்கோவைக் குவித்து, அதன் நடுவில் பைகார்பனேட்டை மறுபடி கார்பன் டை ஆக்சைடாக்கி விடுகிறது. கரும்பு வேறு வழியில் போனது. ஆக்சிஜனிடம் ஏமாறாத இன்னொரு நொதி வெளிச்செல்லில் கார்பனைப் பிடிக்கும். அதை அமிலமாக உள்செல்லுக்கு அனுப்பி, ருபிஸ்கோவின் பக்கத்தில் அவிழ்த்துவிடும். 1960களில் ஹேட்சும் ஸ்லாக்கும் இதை விளக்கியது பிரிஸ்பேனில், ஒரு சர்க்கரைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்.

டெல்டாவில் நெல் போடும் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "பாசிக்கு பம்புசெட் இருக்குப்பா. கரும்புக்கும் இருக்கு. நெல்லுக்கு வாய்க்கால் பாசனம்தான்."

"கரும்புக்கு பம்புசெட் இருந்து என்னடா, வருஷம் பூரா தண்ணி கேக்குது," என்றார். அதுவும் சரிதான். ஒரு கிலோ பயிருக்குச் செலவாகும் நீர் குறைவு என்பதால், பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர் மேட்டூர் தண்ணீரில் தப்பித்துவிடாது.

கரும்பின் வழியை நெல்லுக்குள் கொண்டுவரும் முயற்சி பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2008இல் தொடங்கியது. ஒரு மரபணுவை மாற்றினால் போதாது, இலையின் உள்ளமைப்பே மாற வேண்டும். விவசாயி கைக்கு அது இன்னும் வரவில்லை என்றேன்.

"வரட்டும். வர்றப்ப நாத்து நட யாரு இருப்பா?"

குத்திக்காட்டும் குரலில் அவர் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு இருப்பது ஒரே பிள்ளை. அது சென்னையில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறது. நான் பேச்சை மாற்றினேன்.

நெல்லும் சும்மா இல்லை என்று சொன்னேன். அதன் செல்லில் பசுங்கணிகங்கள் சுவரை ஒட்டி, கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் நெருங்கி நிற்கின்றன. ஒளிச்சுவாசத்தில் தப்பும் கார்பன் டை ஆக்சைடு செல்லின் உள்ளிருந்து கிளம்புகிறது. வெளியேற வேண்டுமென்றால் இந்த வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற வழியில் ஒரு பகுதி மறுபடி பிடிபடுகிறது.

அப்பாவுக்கு இது உடனே புரிந்தது. "வரப்புல நண்டு வளை அடைக்கிற மாதிரி."

"அதேதான்ப்பா."

"அடைச்சாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அடைக்காம விட்டா மறுநாள் வயல்ல தண்ணி நிக்காது."