சக்கை என்னும் சொல்

கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்து காரோட்டுக்கு வந்திருந்த சிறுவன், திண்ணையில் பாட்டியின் அருகே அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டி கைகளில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு பலாப்பழத்தைப் பிளந்து சுளைகளைப் பிரித்தெடுத்தார்.

திரையில் முதலில் ஒரு யானைக்குட்டி தோன்றியது. தாய் யானை மரத்தை உலுக்க, கீழே விழுந்த பலாப்பழத்தை அது காலால் உருட்டி விளையாடியது. இருவரும் சிரித்தனர். அடுத்து ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. “விருந்தினருக்குச் சக்கை கொடுத்தோம்” என்று எல்லையோரச் சிறுமி ஒருத்தி சொல்ல, “அப்படியானால் பழத்தை யார் தின்றார்கள்?” என்று சென்னை உறவினர் கேட்கிறார். சிறுவன் விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டி சிரிக்கவில்லை.

“இதில் சிரிக்க என்ன இருக்கு மக்களே? சக்கையைச் சக்கை என்றுதானே சொல்லணும்?”

சிறுவனின் சிரிப்பு நின்றது. சென்ற ஆண்டு அவன் வகுப்பில் அச்சொல்லைக் கூறியபோது நண்பர்கள் இப்படித்தான் சிரித்தார்கள். அன்றுமுதல் பாட்டியின் சொற்களை அவன் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குச் சென்றான்.

தமிழ்நாட்டின் பல பகுதிகளில் சக்கை என்பது சாறு பிழிந்தபின் எஞ்சும் பொருள். குமரி மாவட்டத்திலும் அதனை அடுத்த எல்லையோர ஊர்களிலும் அதுவே பலாவின் பெயர்; மலையாளத்தில் சக்க என்பர். பாட்டி பிறந்த ஊர் களியக்காவிளைக்கு அப்பால், விளவங்கோடு வட்டத்தில் உள்ளது. அவர் சிறுமியாக இருந்தபோது அவ்வூரும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது, சொற்களைப் பிரிக்கவில்லை. இன்று இரு மாநிலங்களுக்கும் மாநிலப் பழம் பலாவே.

அச்சொல் கடலும் கடந்தது. மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் சக்க என்பதைக் கேட்டு ‘ஜாக்கா’ என்று எழுதினர். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா தா ஒர்த்தாவின் மருத்துவ நூலில் அப்பெயர் இடம்பெற்றது. ஆங்கிலத்தின் ‘ஜாக்ஃப்ரூட்’ என்னும் பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

மூன்றாவதாகத் திரையில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. ஓர் இளவரசர் பலாமரப் பொந்துக்குள் ஒளிந்திருக்கிறார். அவருடைய கிரீடம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. “அது நம்ம அம்மச்சிப் பிலாவு. நாளைக்கே பார்க்கலாம்” என்றார் பாட்டி.

மறுநாள் இருவரும் பேருந்தில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலுக்குச் சென்றனர். பகைவர் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மர் ஒளிந்ததாகக் கூறப்படும் பலாவின் அடிமரம் அங்கே பாதுகாக்கப்படுகிறது. மார்த்தாண்ட வர்மர் 1729இல் திருவிதாங்கூரின் அரசரானதும், 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றதும் வரலாறு. ஒரு சிறுவன் அவருக்குப் பொந்தைக் காட்டினான் என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அரை நிமிடப் படம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து தந்திருந்தது. சிரிப்பு அவனை மரத்தடி வரை அழைத்து வந்தது. எது வரலாறு, எது கதை என்று அவன்தான் கேட்டறிய வேண்டியிருந்தது.

மரத்தைப் பார்த்தபடி, “பாட்டி, பலாவைப் பிலாவு என்பதும் தவறில்லையா?” என்று கேட்டான்.

“பழம் இனிக்குதில்லையா? பிறகென்ன?” என்றார் பாட்டி.

அன்று மாலை அவன் அந்த நகைச்சுவைக் காட்சியைத் தில்லி நண்பர்களுக்கு அனுப்பினான். அதன் கீழே ஒரு வரி எழுதினான்: “சிரித்து முடித்தபின், ஜாக்ஃப்ரூட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள்.” பிறகு சமையலறையை நோக்கி உரக்கக் கேட்டான்: “பாட்டி, சக்கை இன்னும் இருக்கா?”

சொற்பொருள்
பொந்து – மரத்தில் உள்ள குழி
எஞ்சும் – மீதமாகும்
வழிவழியாக – தலைமுறை தலைமுறையாக

சிந்தித்து எழுதுக
1. நகைச்சுவைக் காட்சியைக் கண்டு பாட்டி ஏன் சிரிக்கவில்லை?
2. அம்மச்சிப் பிலாவு பற்றிய செய்திகளில் வரலாறு எது, கதை எது?
3. உங்கள் வீட்டில் மட்டும் வழங்கும் ஒரு சொல்லைப் பெரியவர்களிடம் கேட்டு, அதைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.